சாவியைத் தொட்டிலில் போட்டவன்

நாமகிரிப்பேட்டை,
இரவு பதினொன்றேகால்.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய தமிழ்ச்செல்வி அக்காவுக்கு, உங்கள் சித்தப்பா மகள் நித்யஸ்ரீ நடுக்கத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். அப்பாவிடம் காட்டினால் என்னைப் பள்ளிக்கூடத்து விடுதியிலேயே சேர்த்துவிடுவார். ஜெகதீஸ்வரன் சாரிடம் காட்டினால் எழுத்துப் பிழைகளைச் சுழித்து, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார். நாளைக் காலை ஐந்து மணி சேலம் பஸ்ஸில் நீங்கள் ஏறுவதற்குள் இதை உங்கள் லேப்டாப் பையின் வெளி அறையில் சொருகிவிடுவேன். பெங்களூரு போய்ச் சேர்ந்து, தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, கிழித்து இரண்டு குப்பைத்தொட்டியில் பாதி பாதியாகப் போட்டுவிடுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்பது எனக்கே தெரியும், எதிர்வீட்டில்தானே தூங்குகிறீர்கள். ஒன்பது மணிக்குப் பார்த்தபோது மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சமூக அறிவியல் படிப்பதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். புத்தகம் திறந்துதான் இருக்கிறது. அதற்குள் இந்தத் தாள் இருக்கிறது.

அக்கா, இன்று மத்தியானம் உங்கள் போனுக்கு அந்த மெயில் வந்ததும் நீங்கள் நடு வாசலில் நின்று கத்தினீர்களே, எங்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்டது. மறதி நோயை ஆராய்கிற இளம் விஞ்ஞானிகளுக்கான மூன்று வருட உதவித்தொகை, நாடு முழுவதிலும் ஒன்பதே பேருக்கு, அதில் ஒருவர் நம் ஊர்ப் பெண் என்று தெரிந்ததும் அப்பா ஓடிப்போய்ப் பத்தாயிரம் வாலா வாங்கிவந்து சமுதாயக் கூடத்துக்கு முன்னால் கொளுத்தினார். பெரியப்பா மைசூர்பாகுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். எங்கள் வீட்டுக்கு மட்டும் நான்கு தடவை கொண்டுவந்து கொடுத்தார். "உன்ற பெரியப்பனுக்குச் சந்தோசத்துல தலகால் புரியல" என்று அம்மா சிரித்தார். ஆறு வருடமாக உங்களைப் பார்த்து "இன்னும் படிச்சு முடிக்கலீங்களா அம்மணி?" என்று கேட்டவர்கள் எல்லாம் மாலை போட வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டி, மைக்கைப் பிடித்து அதைச் சொன்னீர்கள்.

"இந்த நோட்டுல பேரெல்லாம் எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும். செவப்பு மையில மார்க் போட்டது யாருன்னுதான் தெரியல. அவங்களக் கண்டுபிடிக்காம நான் உடமாட்டேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் சிவப்பு மை.

அது நான்தான் அக்கா.

நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது பாதிதான். ஜனவரியில் நீங்கள் வந்து சமுதாயக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தபோது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் அறுபது பேராவது வந்தால்தான் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியும், இந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது, இது போனால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஏதாவது மருந்துக் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னீர்கள். முதல் சனி, ஞாயிறில் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் போர்வெல் போடுகிற ரிக் லாரியின் டிரைவர், வயது முப்பது, போனுக்குச் சார்ஜ் போட வந்தவர். மறதி டாக்டரிடம் போனால் மறதி என்று எழுதிக் கொடுத்துவிடுவார், அப்புறம் மகன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடுவான் என்று ஊரில் பேச்சு. சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி என்பதால் பெரியப்பா ஆசையாக வந்து உட்கார்ந்தும் நீங்கள் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். "பெத்த அப்பன் ஆகாது, ஊரானப்பன்தான் வேணுமாக்கும்?" என்று கோபித்துக்கொண்டு போனாரே.

அடுத்த வாரம் துணிந்து வந்தவர் ராசாத்தி அத்தை ஒருவர்தான். ஊர் முறைக்குத்தான் அத்தை, சொந்தமில்லை; மஞ்சள் மண்டியில் முப்பது வருடம் எடை பார்த்தவர். நான் வெளியே பெஞ்சில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஐந்து சொற்களைச் சொல்லி, நடுவில் வேறு என்னென்னவோ கேட்டு, பத்து நிமிடம் கழித்து அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்டீர்கள். குடை, மஞ்சள், சாவி, தொட்டில், பாலம். அத்தைக்கு இரண்டுதான் வந்தது. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "நூறு மூட்ட எடையச் சீட்டில்லாமச் சொல்லுவேன் அம்மணி. அஞ்சுல மூணு போச்சே. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை வரவில்லை. நீங்கள் மேஜையை மடித்துவிட்டு, விண்ணப்பம் எழுத பெங்களூரு போகிறேன், ஒரு மாதம் கழித்துக் கடைசியாக ஒருமுறை முயற்சி செய்கிறேன், அதற்கு மறுநாள் தேர்வுக்குழுவிலிருந்து ஆள் பார்க்க வருவார்கள், அன்றைக்கும் கூடம் காலியாக இருந்தால் அவ்வளவுதான் என்று சொல்லி பஸ் ஏறினீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

என் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மதிப்பெண் குறைவாக வாங்கினால் அந்த வகுப்பு டீச்சரைத்தான் பிரேயரில் நிற்கவைத்துத் திட்டுவார்கள். அதனால் ராசாத்தி அத்தை இரண்டு வாங்கினால் உங்களைத்தான் யாரோ எங்கேயோ நிற்கவைப்பார்கள் என்று நான் நினைத்துவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். ஐந்து சொற்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அத்தை கையில் கொடுத்தேன். "மனப்பாடம் பண்ணுங்க அத்தை. மறுபடி எழுதலாம். சப்ளிமென்டரி உண்டு" என்றேன்.

சீட்டு போன வேகம் அக்கா! அன்று சாயங்காலத்துக்குள் பால் சொசைட்டியில், மறுநாள் காலையில் மண்டியில், அதற்கு மறுநாள் நாமக்கல் பஸ்ஸில் என் பின் சீட்டில் யாரோ ஒரு தாத்தா "குடை, மஞ்சள், சாவி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாள் அவுட் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் ஊருக்கே பயம் போய்விட்டது. நோய் என்றால்தான் பயம். பரீட்சை என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குப் பயமா? விடுதிப் பள்ளியில் இருபத்தாறு வருடம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஜெகதீஸ்வரன் சார் மூன்றாம் நாளே என்னைத் தேடிவந்தார்.

"கொஸ்டினு உன்ற கைலருந்துதானே வந்துது?"

நான் அழ ஆரம்பித்தேன்.

"அழுவாதெ சாமி. அவுட்டான கொஸ்டின வெச்சுக்கிட்டு ஒருத்தன் பெயிலானா அது நமக்குத்தான் கேவலம். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு ஸ்டடி. நீ பேப்பர் திருத்தோணும்."

அப்படித்தான் அக்கா மஞ்சள் மண்டிக் கிடங்கில் தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை டியூஷன் நடந்தது. அறுபத்து நான்கு பேர். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். பேசினால் எழுந்து நிற்க வேண்டும். எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டதற்குக் கிடங்கை இரண்டு சுற்று நடக்கவைத்தார் சார். அந்தத் தாத்தாவின் மகனைக் கூப்பிட்டு முன்னேற்ற அட்டையில் கையெழுத்தும் வாங்கினார். அந்த மகனுக்கு வாழ்க்கையிலேயே அன்றுதான் சந்தோஷம். "என்ற கார்டுல நீங்க எத்தன வாட்டி கையெழுத்துப் போட மாட்டேன்னீங்க, இப்பத் தெரியுதுங்களா?" என்று கேட்டபடி போட்டார். எல்லோருக்கும் சுலபமாக இருக்க நான் ஒரு கதை கட்டிக் கொடுத்தேன். குடை பிடித்துக்கொண்டு மஞ்சள் வாங்கப் போனவன், வீட்டுச் சாவியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பாலத்தில் போய் நின்றான். ஏன் நின்றான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாடத்தில் இருந்தால் நம்புவார்கள். தினமும் பத்து நிமிடம் வேறு கதை பேசவைத்து, பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு, சார் பெயர் எழுதி வைத்த நோட்டில் நான் சிவப்பு மையில் மதிப்பெண் போடுவேன். அந்த நோட்டில் நான் போட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணும் உண்மை. மாரியம்மன் மேல் சத்தியம். "பொண்ணு காலைல அஞ்சு மணிக்கே படிக்கப் போவுது" என்று அப்பா ஊரெல்லாம் பெருமை பேசினார். ரிவிஷனில் கணக்கில் அறுபத்தொன்று வந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கடைசி சனி, ஞாயிறு வந்தது. கூடத்துக்கு முன்னால் அறுபத்து நான்கு பேர் வரிசையில், நெற்றியில் குங்குமம், கையில் டிபன் பாக்ஸ், சட்டைப் பையில் இரண்டு பேனா. நீங்கள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். பத்து நிமிடம்தான். முதலில் உள்ளே போனவரிடம் "உங்க பேருங்க?" என்று கேட்டீர்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "குடை, மஞ்சள், சாவி, தொட்டில், பாலம்" என்றார். இரண்டாமவரிடம் சொற்களைச் சொல்லத் தொடங்கினீர்கள். நீங்கள் "குடை" என்றதும் அவர், "மிச்சத்த நாஞ் சொல்றனுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். ஐம்பத்தேழு பேர் சென்டம். ஞாயிறு சாயங்காலம் உங்கள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வெளியில் வந்தபோதுதான் முழுசாக வெளுத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெகதீஸ்வரன் சார் இருபது அடிக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார். "ஞாபகத் தேர்வில் மகத்தான சாதனை! ஐம்பத்தேழு பேர் ஐந்துக்கு ஐந்து!" ஐம்பத்தேழு பாஸ்போர்ட் போட்டோ, கீழே மதிப்பெண். நடுவில் பெரிய வட்டத்தில், சிறப்பு மாணவர் என்று பெரியப்பா. தேர்விலேயே சேர்க்கப்படாவிட்டாலும் டியூஷனுக்கு ஒருநாள் தவறாமல் வந்தவர், இருபத்தொரு நாளும் முழு மதிப்பெண்.

யாருடைய மதிப்பெண்ணும் வெளியே தெரியாது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். அதைவிட, மறுநாள் காலை தேர்வுக்குழுவின் உஷாராணி அம்மாவின் கார் வந்து நின்றதே அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான்.

நான் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன் அக்கா. நீங்கள் ஃபிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லியிருக்கலாம். அது வேறு ஏதோ தேர்வு என்று சொல்லியிருக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மயக்கம் போட்டிருப்பேன். நீங்கள் நேராக நடந்துபோய், "மேடம், என் ஆராய்ச்சி பாழாயிருச்சு. கேள்வி முன்னாடியே வெளிய போயிருக்கு. ஒரு மார்க்கும் நம்பத் தகுந்ததில்ல. இத உங்ககிட்ட நான்தான் முதல்ல சொல்லணும்" என்றீர்கள். அந்த அம்மா ஃபிளெக்ஸையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், டீக்கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுபோனார்.

"காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டருக்கு யாராச்சும் டியூஷன் வெப்பாங்களா?" என்று நீங்கள் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டீர்கள். "யார் சொல்லிக் குடுத்தது?"

ராசாத்தி அத்தைதான் முதலில் எழுந்தார். "ஞாபகமில்லீங்க அம்மணி."

அடுத்தவர்: "நெனப்பு வல்லீங்க."

அறுபத்து நான்கு பேருக்கும் ஒரே நிமிடத்தில் மறதி வந்துவிட்டது. ஜெகதீஸ்வரன் சார் தன் பெயரே நினைவில்லை என்று சொல்லிவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க இருபத்தொரு நாள் டியூஷனையும் ஒரே வாயில் மறந்தார்கள் அக்கா. அவர்களில் ஒருவருக்காவது நான் மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

சார் மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்த டியூஷன் நோட்டை நீங்கள்தான் எடுத்தீர்கள். எரித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். சாயங்காலம்வரை ஒரு மூலையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தீர்கள். பிறகு உஷாராணி அம்மாவைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினீர்கள். பெரும்பாலோர் முதல்நாள் இரண்டோ மூன்றோ, நான்காம் நாளுக்குள் ஐந்து. ஏழே ஏழு பேர் மட்டும் இருபத்தொரு நாளும் அதே சொற்களைக் கேட்டும் மேலே ஏறவே இல்லை. "முதல்நாள் எத்தனை வாங்குனாங்கங்கறது முக்கியமில்ல மேடம். சொல்லிக் குடுத்தும் ஏறலங்கறதுதான் முக்கியம். இதைத்தான் நான் ஆராயணும்." அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நோட்ட ஆதாரமா எடுக்க முடியாது தமிழ்ச்செல்வி. கேள்வியா எடுத்துக்கலாம். நல்ல கேள்வி" என்றார். அப்புறம் என்னைப் பார்த்ததுபோலவே இருந்தது. தூணைத்தான் பார்த்திருப்பார்.

மறுநாளே ஃபிளெக்ஸ் இறங்கியது. நீங்கள் ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, புதிதாகச் சம்மதம் வாங்கி, அந்த ஏழு பேரையும் சேலத்துக்கு டாக்டரிடம் நீங்களே அழைத்துப் போனீர்கள். ராசாத்தி அத்தைக்கு மறதி நோயே இல்லை, தைராய்டுதான். மாத்திரை போட்டு ஆறு வாரத்தில், போன திங்கள்கிழமை என்னை வழியில் நிறுத்தி, "குடை, மஞ்சள், சாவி, தொட்டில், பாலம். போடு சாமி அஞ்சு!" என்றார். நடுத்தெருவில் அவர் உள்ளங்கையில் சிவப்பு மையில் ஐந்து போட்டேன். கையை மூடிக்கொண்டு வீடுவரை அப்படியே போனார். இன்னொருவருக்கு உடம்பில் ஒரு வைட்டமின் போதாதாம், ஊசி போடுகிறார்கள். மற்ற ஐந்து பேருக்கும், இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது நல்லது, செய்ய நிறைய இருக்கிறது என்று அவர்கள் பிள்ளைகளிடம் சொன்னீர்கள். இன்று உங்களுக்கு மாலை போட முதல் ஆளாக நின்றவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். யாரும் பத்திரம் எடுத்துவரவில்லை.

நாம் ஜெயித்துவிட்டோம் அக்கா. நீங்கள் மருந்துக் கம்பெனிக்குப் போக வேண்டாம். மூன்று வருடம் யாரும் உங்களிடம் படித்து முடித்துவிட்டாயா என்று கேட்க முடியாது. நான் செய்தது தப்பு என்பதும் எனக்குத் தெரிகிறது. தண்டனை கொடுப்பதாக இருந்தால் ஏப்ரலில் பரீட்சை முடிந்த பிறகு கொடுங்கள்.

வயதில் சிறியவள் என்பதால் உங்களை வாழ்த்த எனக்கு உரிமை இல்லை. மாரியம்மனிடம் சொல்லி வாழ்த்தச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம், உஷாராணி அம்மாவுக்கு இரண்டு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் காலில் விழத் தயாராக இருக்கும்,
நித்யஸ்ரீ, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.

பின்குறிப்பு: மேலே மாரியம்மன் மேல் செய்த சத்தியத்தில் ஒரு வரி பொய். அதற்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதையும் எழுதினேன். ஆரம்பத்திலேயே எழுதக் கை வரவில்லை.

நோட்டின் கடைசி வரி, அறுபத்தைந்தாவது பெயர். மணியன். உங்கள் அப்பா. இருபத்தொரு நாளும் ஐந்துக்கு ஐந்து. இன்று மைக்கில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டீர்களே. அவர் ஒருநாள்கூட ஐந்து சொல்லவில்லை அக்கா. முதல்நாள் மூன்று சொன்னார். நான் பேனாவை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, மறதிக்குப் படிச்ச புள்ளயோட அப்பனே பெயிலுன்னா ஊரு என்ன சொல்லும்? அவ பேரு கெட்டுப்போயிரும். ஒரு அஞ்சு போட்டுரு. நாளைக்குள்ள நாம்படிச்சுர்றேன்" என்றார். போட்டேன். மறுநாளும் போட்டேன். தினமும் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து அந்தத் தொட்டில் கதையை மறுபடி கேட்டுவிட்டுப் போவார். தேர்வு முடிந்து இரண்டு மாதம் ஆகியும் வருகிறார். உண்மையான மதிப்பெண்களை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று, இப்படியே போகிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இன்று எங்கள் வீட்டுக்கு நான்கு முறை மைசூர்பாகு கொடுத்தது சந்தோஷத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் முதல்முறை மாதிரிதான் கொடுத்தார்.

ஏழு பேர் இல்லை அக்கா, எட்டு. சீக்கிரம் தெரிந்தால் நல்லது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒருவேளை தைராய்டாகக்கூட இருக்கலாம். இந்தக் கடிதம் பையில் கிடந்து பெங்களூருவில் நீங்கள் படிப்பதற்குள் ஒருநாள் வீணாகிவிடும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அதனால் பையில் வைக்கப் போவதில்லை. காலையில் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். பஸ்ஸில் அவருக்கும் ஒரு சீட்டு வாங்குங்கள். பரிசளிப்பு விழா என்று சொன்னால் வேட்டி மாற்றிக்கொண்டு உடனே கிளம்பி

கதவு தட்டுகிறார்கள். மெதுவாக, இரண்டு தட்டு.

"சாமி, முழிச்சிருக்கறயா? சாவியத் தொட்டில்ல போட்டானல்ல, அவன், அப்பறம் எங்கெ போயி நின்னான்?"